சிக்னல் வந்துவிட்டது, ஆட்களை எங்கே பழக்குவது?

புதிய போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வாங்கும் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பாருங்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல், சந்திப்பில் விளக்குகளை இயக்கும் கன்ட்ரோலர் எவ்வளவு வெப்பம் தாங்க வேண்டும், கட்டுப்பாட்டு அறைத் திரை எத்தனை அங்குலம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். பயிற்சி என்று தேடினால் கடைசிப் பக்கங்களில் ஒரே ஒரு வரி கிடைக்கும்: பணியாளர்களுக்கு ஐந்து நாள் பயிற்சி அளிக்கப்படும். யாருக்கு, எதில், எப்போது என்று ஒன்றும் இருக்காது. நான் பார்த்த ஒப்பந்தங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான்.

அந்த ஒரு வரிக்குப் பதிலாக என்ன எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. உங்கள் கையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், ஒரு வருடத்தில் புதிய அமைப்பு ஓடத் தொடங்கும் என்று வைத்துக்கொள்வோம். அமைப்பை விற்ற கம்பெனியின் பயிற்சிக்கு அவர்களை அனுப்பலாம். சிலரைப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு படிக்க வைக்கலாம். சான்றிதழ் தேர்வு, ஆன்லைன் பாடம் என்று போகலாம். உள்ளேயே, நம் சந்திப்புகளையே வைத்துக் கற்றுக்கொடுக்கலாம். வேறொரு ஊரின் கட்டுப்பாட்டு அறைக்குச் சில மாதம் அனுப்பலாம். எல்லாவற்றையும் செய்ய நேரமும் பணமும் யாரிடமும் இருப்பதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிப்படையை உள்ளேயே, ரோட்டோரம் நின்று கற்றுக்கொடுக்க வேண்டும். கம்பெனி பயிற்சி அதற்குப் பிறகு வர வேண்டும், முன்னால் அல்ல. படிப்பும் சான்றிதழும் ஒருசிலருக்கு. இந்த வரிசை மாறினால் செலவு வீணாகிறது என்பது என் அனுபவம்.

ஒரு இரவு. மணி ஒன்றரை இருக்கும். கட்டுப்பாட்டு அறையில் நானும், பணியில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞரும் இருந்தோம். ஒரு சந்திப்பில் மெயின் ரோட்டில் பத்துப் பதினைந்து வண்டிகள் சிவப்பில் நிற்கின்றன. ஆளே இல்லாத பக்கத் தெருவுக்கு நாற்பது வினாடி பச்சை எரிகிறது. அடுத்த சுற்றிலும் அதே. திரையிலோ அந்தச் சந்திப்புக்கு நேராக ‘இயல்பு நிலை’ என்று இருக்கிறது. அந்தத் தம்பி கம்பெனி பயிற்சியில் எல்லோரையும்விட நன்றாகச் செய்தவர். மெனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கடைசியில், சர்வரை ரீஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பழைய டெக்னீஷியன் ஒருவருக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்திலேயே அவர் கேட்ட முதல் கேள்வி: “அங்கே சமீபத்தில் ரோடு போட்டார்களா?”

போட்டிருந்தார்கள். பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்தபோது வண்டி நிற்பதை உணர ரோட்டுக்குள் பதித்திருந்த லூப் வயர் அறுந்துவிட்டது. லூப் அறுந்தால், பொதுவாக அதைப் படிக்கும் டிடெக்டர் கார்டு ‘வண்டி இருக்கிறது’ என்றே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். காத்திருக்கும் வண்டியைக் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். ஆக, அமைப்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. இல்லாத வண்டிகளுக்குப் பச்சை கொடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்த டிடெக்டரைக் கணக்கிலிருந்து நீக்கி, பக்கத் தெருவுக்குக் குறைந்தபட்சப் பச்சையை மட்டும் வைத்தோம். ஐந்து நிமிட வேலை. இத்தனை நிமிடத்துக்கு மேல் ஒரு டிடெக்டர் அணையாமல் இருந்தால் எச்சரிக்கை கொடு என்ற வசதியும் அந்த மென்பொருளில் இருந்தது. அது எந்த மெனுவில் இருக்கிறது என்று தம்பிக்குத் தெரியும். எதற்காக இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

1983-ல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளை வைத்து ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். எந்த அளவுக்கு வேலையை இயந்திரத்திடம் விடுகிறோமோ, அந்த அளவுக்கு மனிதனிடம் மிஞ்சுவது கடினமான வேலைதான். இயந்திரம் தடுமாறும்போதுதான் அவன் தேவைப்படுகிறான். ஆனால் அன்றாடம் கையால் செய்து பழகும் வாய்ப்பு அவனுக்கு இல்லாமல் போயிருக்கும். தானியங்கி சிக்னல் அமைப்புக்கு ஆள் தயார்செய்யும் யாரும் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும். பட்டன் அழுத்தும் பயிற்சி, எல்லாம் நன்றாக ஓடும் நாளுக்குத்தான் உதவும்.

யாருக்குப் பயிற்சி

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஆட்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திரைக்கு முன்னால் ஷிப்டில் உட்காருபவர் ஒருவர். கன்ட்ரோலர் இருக்கும் ரோட்டோரப் பெட்டியை, அதாவது கேபினெட்டைத் திறந்து கை வைக்கும் டெக்னீஷியன் இன்னொருவர். பச்சை நேரத்தையும், எல்லாப் பக்கமும் ஒருமுறை பச்சை பெற்று முடியும் சுழற்சி நேரத்தையும் தீர்மானிக்கும் பொறியாளர் மூன்றாமவர். நெட்வொர்க்கையும் தரவையும் பார்த்துக்கொள்பவர் நான்காமவர். இவரைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். நால்வரையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே ஸ்லைடுகளைக் காட்டினால், ஒவ்வொருவருக்கும் முக்கால்வாசி நேரம் வீண். ஐந்து நாள் பயிற்சி என்ற வரியின் முதல் குறையே இதுதான்.

விற்றவர் கொடுக்கும் பயிற்சி

இதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. அந்தக் கருவியை அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகில் இல்லை. எந்தப் பிழைக் குறியீட்டுக்கு என்ன அர்த்தம், எந்த அமைப்பை மாற்றினால் வேறெங்கே பாதிக்கும், பதிப்பு மாறும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்களிடம்தான் கற்க முடியும். வேகமாகவும் முடியும்.

குறை எங்கே என்றால், அந்தக் கருவி உலகத்தைப் பார்க்கும் விதம் மட்டுமே போக்குவரத்து என்று நம் ஆட்கள் நினைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஸ்கூட், ஸ்கேட்ஸ் என்ற இரண்டு தானியங்கி சிக்னல் அமைப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே 1970களில் உருவானவை. முதலாவது பிரிட்டனின் அரசு ஆய்வகத்தில் பிறந்தது, இரண்டாவது சிட்னியில். வந்துசேரும் வண்டிகளுக்கு ஏற்பப் பச்சையைக் கூட்டிக் குறைப்பது இரண்டின் நோக்கமும். ஆனால் ஸ்கூட் தன் டிடெக்டரை நிறுத்தக் கோட்டிலிருந்து வெகு முன்னால், பெரும்பாலும் முந்தைய சந்திப்பைத் தாண்டியதுமே வைத்துக்கொள்கிறது. அங்கே கடக்கும் வண்டிகள் எப்போது கோட்டுக்கு வந்துசேரும், எத்தனை வரிசையில் நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிடுகிறது. ஸ்கேட்ஸ் டிடெக்டரை நிறுத்தக் கோட்டிலேயே வைத்து, கொடுத்த பச்சை எவ்வளவு பயன்பட்டது என்று அளந்து அடுத்த சுற்றை மாற்றுகிறது.

இந்த வித்தியாசம் தெரிந்தவருக்கு, முன்னால் உள்ள டிடெக்டர் வரை வரிசை நீண்டுவிட்டால் முதல் அமைப்பின் கணிப்பு ஏன் தடுமாறும் என்று விளங்கும். இரண்டாவது, கூட்டம் வந்து சேர்ந்த பிறகே விழித்துக்கொள்ளும் என்பதும் விளங்கும். ஒன்றை மட்டும், அதுவும் மெனு வழியாக மட்டும் கற்றவருக்கு இரண்டுமே புரியாது. பத்து வருடம் கழித்து அமைப்பை மாற்ற வேண்டி வரும்போது, நமக்கு இதுதான் பழக்கம் என்று பழைய கம்பெனியிடமே திரும்பிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே இந்தப் பயிற்சி வேண்டும், ஆனால் நாம் கேட்கும் வடிவில் வேண்டும். ஐந்து நாளையும் அமைப்பு ஓடத் தொடங்கும் வாரத்திலேயே தீர்த்துவிடக் கூடாது. அந்த வாரம் யாருக்கும் எதுவும் மண்டையில் ஏறாது. எதைக் கேட்பது என்றே அப்போது தெரியாது. இரண்டு நாள் முன்னால், மூன்று மாதம் கழித்து இரண்டு நாள், ஒரு வருடம் கழித்து ஒரு நாள் என்று பிரித்து எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து வரும் இரண்டு நாள்தான் அதிகம் பயன்படும். அதற்குள் நம் ஆட்களிடம் கேள்விகள் சேர்ந்திருக்கும். மாதிரித் தரவில் அல்லாமல் நம் சந்திப்புகளில் பயிற்சி, வகுப்புகளைப் பதிவு செய்துகொள்ளும் உரிமை, நிஜ அமைப்பைத் தொடாமல் பழகிப் பார்க்க ஒரு தனிப் பிரதி, வேண்டுமென்றே கோளாறை உண்டாக்கிக் கண்டுபிடிக்க வைக்கும் பயிற்சி ஆகிய நான்கையும் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். கையெழுத்தான பிறகு கேட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி விலை.

பல்கலைக்கழகப் படிப்பு

பிரிட்டனின் லீட்ஸ், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் போன்ற இடங்களில் போக்குவரத்துப் பொறியியலுக்கென்றே பல பத்தாண்டுகளாக வளர்ந்த துறைகள் இருக்கின்றன. ஒன்று அல்லது இரண்டு வருட மேற்படிப்பில் போக்குவரத்து ஓட்டத்தின் கோட்பாடு, தேவைக் கணிப்பு, புள்ளியியல், உத்தமமாக்கல் எல்லாம் ஆழமாகக் கிடைக்கும். கம்பெனி காட்டும் அறிக்கையைப் பார்த்து, நீங்கள் ஒப்பிட்ட இரண்டு மாதங்களில் ஒன்று பள்ளி விடுமுறை மாதம், இந்த ஒப்பீடு செல்லாது என்று சொல்லும் துணிவு அப்படிப் படித்தவருக்கு எளிதில் வரும்.

ஆனால் அங்கிருந்து நேராக வருபவர் கேபினெட்டைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். அது படிப்பின் குறையல்ல, அதன் வேலை வேறு. பன்னிரண்டு பேர் குழுவில் இப்படி ஒருவர், அதிகபட்சம் இருவர் போதும். அனுப்பினால், ஏற்கனவே இரண்டு மூன்று வருடம் வேலை பார்த்தவரை அனுப்புங்கள். அவர் நம் ஊர்ச் சிக்கல் ஒன்றையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால், படித்து முடிக்கும்போது நமக்கும் ஒரு விடை கிடைக்கும். திரும்பி வந்ததும் அவர் விலகிப் போய்விடுவார் என்ற பயம் எல்லா நிர்வாகத்துக்கும் உண்டு. நியாயமான பயம்தான். கற்றதைப் பயன்படுத்தும் பொறுப்பை அவருக்குக் கொடுக்காமல் பழைய மேசையிலேயே உட்கார வைத்தால் நிச்சயம் போவார்.

சான்றிதழும் ஆன்லைன் பாடமும்

சான்றிதழ்களில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, வேலை தெரிந்தவரைச் சோதித்து முத்திரை குத்துவது. அமெரிக்காவில் 1999-ல் தொடங்கிய பி.டி.ஓ.இ. என்ற போக்குவரத்து இயக்கப் பொறியாளர் சான்று அப்படிப்பட்டது. பல வருடக் கள அனுபவம் இருந்தால்தான் தேர்வே எழுதலாம். டெக்னீஷியன்களுக்கு ஐ.எம்.எஸ்.ஏ. என்ற அமைப்பு படிநிலைகளாகச் சான்று தருகிறது. இவற்றுக்குத் தயாராகும்போது, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தவை ஒழுங்காகின்றன. வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் ஒரு பொதுவான அளவுகோல் கிடைக்கிறது.

இன்னொன்று, வீடியோ பார்த்து முடித்தால் கிடைக்கும் பங்கேற்புச் சான்று. அதைச் சுவரில் மாட்டலாம், அதை நம்பி ஒருவரை இரவு ஷிப்டில் தனியாக உட்கார வைக்கக் கூடாது.

இதற்காக ஆன்லைன் பாடத்தையே ஒதுக்க வேண்டியதில்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை நுண்ணறிவுப் போக்குவரத்து பற்றிய பாடத் தொகுதிகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. கன்ட்ரோலரும் மையமும் எந்த மொழியில் பேசிக்கொள்கின்றன, அந்தத் தரநிலையை ஒப்பந்தத்தில் எப்படிக் கேட்பது, வந்ததை எப்படிச் சோதிப்பது என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. கொள்முதல் செய்யும் அதிகாரி இதில் நான்கைந்தைப் பார்த்தாலே போதும், ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொள்ளும் ஆபத்து பாதியாகக் குறையும். இத்தனைக்கும், அவரைப் பயிற்சிப் பட்டியலில் யாரும் சேர்ப்பதே இல்லை. தனியாகப் பார்த்தால் பாதியில் நின்றுவிடும் பாடங்கள் இவை. வாரம் ஒரு மணி நேரம் குழுவாக உட்கார்ந்து பார்த்து, பிறகு நம்மிடம் இது எப்படி இருக்கிறது என்று பேசினால் ஒட்டிக்கொள்ளும்.

உள்ளேயே பழக்குவது

இனி நான் அதிகம் நம்பும் வழி. இதற்கு முதலில் வேண்டியது ஒரு ஸ்டாப் வாட்சும் ஒரு நோட்டும். புதிதாகச் சேர்ந்தவரை ஒரு சந்திப்பின் நிறுத்தக் கோட்டருகே, நடைபாதையில் நிற்க வையுங்கள். சிவப்பில் குறைந்தது பன்னிரண்டு வண்டிகள் ஒரே தடத்தில் நிற்கட்டும். பச்சை விழுந்ததும் முதல் சில வண்டிகள் தயங்கித்தான் கிளம்பும், அவற்றை விட்டுவிட வேண்டும். நான்காவது வண்டி கோட்டைத் தாண்டும்போது வாட்சை ஓடவிட்டு, பன்னிரண்டாவது தாண்டும்போது நிறுத்த வேண்டும். 17.6 வினாடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். எட்டு இடைவெளிகள், ஒவ்வொன்றும் 2.2 வினாடி. 3600-ஐ 2.2-ஆல் வகுத்தால் 1636. அந்தத் தடத்தில் தொடர்ந்து பச்சை எரிந்தால் ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய வண்டிகள் இவ்வளவு. இதைத்தான் நிறைவு ஓட்டம் என்கிறோம். ஒரே சுற்றை வைத்து முடிவு கட்டாமல், பத்துப் பதினைந்து சுற்று எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.

அப்புறம் அமெரிக்காவின் சாலைக் கொள்ளளவுக் கையேட்டைத் திறந்து காட்டுங்கள். அதில் நல்ல நிலைமைக்கான அடிப்படை மதிப்பு 1900. மென்பொருள்கள் பலவற்றிலும் யாரும் மாற்றாவிட்டால் இதுதான் உட்கார்ந்திருக்கும்.

இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று வெப்ஸ்டர் சூத்திரத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டனில் 1958-ல் வெப்ஸ்டர் வெளியிட்ட கணக்கு அது, இன்றும் எல்லா வகுப்பிலும் முதல் பாடம். ஒரு சுற்றில் விளக்கு மாறும்போது வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி ஐந்தைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும், அதாவது ஒரே நேரத்தில் பச்சை பெறும் ஒவ்வொரு பிரிவிலும், வரும் வண்டிகளை அதன் நிறைவு ஓட்டத்தால் வகுத்து, வந்த விகிதங்களைக் கூட்டி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் பொருத்தமான சுழற்சி நேரம் வரும். இரண்டு கட்டச் சந்திப்பு, வீணாகும் நேரம் 10 வினாடி, இரண்டு பக்கமும் மணிக்கு 700 வண்டி. 1900 என்று போட்டால் சுழற்சி 76 வினாடி. நம் ஆள் அளந்த 1636-ஐப் போட்டால் ஏறத்தாழ 139 வினாடி.

இந்த இடத்தில் முகம் மாறும். ஏழெட்டு பேருக்கு இந்தக் கணக்கைக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறேன். உள்ளே போகும் எண்ணில் பதினான்கு சதவீத வித்தியாசம், வெளியே வரும்போது ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. சந்திப்பு நிரம்பி வழியும் நிலைக்கு அருகில் இருக்கும்போது சின்னப் பிழை எப்படிப் பெரிதாகிறது என்பதை எந்த ஸ்லைடும் இப்படி உறைக்க வைக்காது. கணிப்பொறி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அன்றோடு போய்விடும். தடத்தை மதிக்காமல் இருசக்கர வண்டிகளும் பெரிய வண்டிகளும் கலந்து ஓடும் சாலையில், அடுத்த ஊர் எண்ணை எடுத்துப் போடுவது எவ்வளவு ஆபத்து என்றும் அவரே சொல்லத் தொடங்குவார்.

இரண்டாவது பாடம் சிமுலேஷன், அதாவது கணிப்பொறியில் போக்குவரத்தை ஓட்டிப் பார்ப்பது. ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தில் 2001 முதல் வளர்ந்த சூமோ, திறந்த மூல மென்பொருள். காசில்லாமல் நம் சந்திப்பை அதில் வரையலாம். விலைக்குக் கிடைப்பவற்றில் விஸ்ஸிம், எய்ம்சன் போன்றவை பரவலாகப் பயன்படுகின்றன. பயிற்சிக்கு அவை கட்டாயமில்லை. எதில் செய்தாலும், திரையில் வண்டிகள் அழகாக ஓடுவதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. மாதிரியில் போன வண்டிகளின் எண்ணிக்கையும் ரோட்டில் எண்ணியதும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அந்த இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை அளக்க ஜி.இ.எச். என்ற அளவை இருக்கிறது. பிரிட்டனில் நெடுங்காலமாகப் பின்பற்றும் விதி, 85 சதவீத இடங்களிலாவது அது ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது. அந்த விதியில் தேறாத மாதிரியை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்று பழக்கிவிட்டால், பிற்பாடு ஆலோசகர்கள் கொண்டுவரும் வண்ணப் படங்களையும் அதே கண்ணால் பார்ப்பார்கள்.

மூன்றாவது, கோளாறு ஒத்திகை. மாதம் ஒருமுறை, பயிற்சிப் பிரதியில் ஒரு டிடெக்டரை அணையாமல் வைப்பது, கன்ட்ரோலரின் கடிகாரத்தை முப்பது வினாடி தள்ளி வைப்பது, தொடர்பைத் துண்டிப்பது. கடிகாரக் கோளாறு நல்ல பாடம். சந்திப்பைத் தனியாகப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. அடுத்தடுத்த சந்திப்புகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் வரிசையாகப் பச்சை கிடைக்கும் பச்சை அலை உடைந்திருப்பது புரியும். இப்போதைய கன்ட்ரோலர்கள் பல, ஒவ்வொரு நிகழ்வையும் வினாடியில் பத்தில் ஒரு பங்கு துல்லியத்தோடு பதிவு செய்கின்றன. பச்சை எப்போது தொடங்கியது, வண்டி எப்போது வந்தது என்று ஒரே படத்தில் புள்ளிகளாகப் போட்டுப் பார்க்கும் முறையை அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தினர் இண்டியானா மாநிலத்தோடு சேர்ந்து வளர்த்தார்கள். பச்சைக்குள் கூடி விழ வேண்டிய புள்ளிகள் சிவப்பில் குவிந்திருந்தால், எங்கோ ஆஃப்செட், அதாவது அடுத்தடுத்த சந்திப்புகளின் பச்சைக்கு இடையே வைத்த நேர வித்தியாசம் தவறியிருக்கிறது. இந்தப் படத்தை வாசிக்கக் கற்ற ஷிப்ட் ஊழியர், புகார் வருவதற்கு முன்பே கோளாறைப் பிடித்துவிடுவார்.

ஒத்திகையில் நம் ஆட்கள் மட்டும் போதாது. விபத்து நடந்த தடத்தை யார் மூடுவது, ஆம்புலன்ஸுக்கு எந்தப் பக்கம் வழி, வண்டியை இழுக்க யாரைக் கூப்பிடுவது என்பதில் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், இழுவை வண்டிக்காரர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒருமுறையாவது பேசியிருக்க வேண்டும். ஒருவரையொருவர் முகம் தெரிந்திருப்பதே பாதி வேலை.

நெட்வொர்க் பார்ப்பவருக்கும் இங்கேதான் பாடம். 2014-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாலை நிர்வாகத்தின் அனுமதியோடு, கம்பியில்லாத் தொடர்பில் இயங்கிய ஏறத்தாழ நூறு சிக்னல்கள் கொண்ட ஓர் அமைப்பைச் சோதித்தார்கள். ரேடியோ தொடர்பு மறையாக்கம் செய்யப்படவில்லை, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டே மாறாமல் இருந்தது. விளக்கு நேரங்களை அவர்களால் மாற்ற முடிந்தது. ஒன்றையொன்று குறுக்கிடும் பக்கங்களுக்கு ஒரே நேரத்தில் பச்சை காட்ட முடியாமல் தடுத்தது, கேபினெட்டுக்குள் தனியாக இருக்கும் முரண் காப்புக் கருவி. இந்த ஒரு செய்தியை வைத்தே அரை நாள் வகுப்பு எடுக்கலாம். முதலில், நம் கன்ட்ரோலர்களில் எத்தனையில் இன்னும் பழைய பாஸ்வேர்டு இருக்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு, பழுது பார்க்கும் அவசரத்தில் அந்தக் காப்புக் கருவியை யாரும் ஒதுக்கி வைக்கக் கூடாது என்பதை டெக்னீஷியன்கள் நெஞ்சில் பதியும்படி சொல்லுங்கள்.

உள்ளேயே பழக்குவதற்கும் குறைகள் உண்டு, மறைக்க விரும்பவில்லை. எல்லாம் ஒரே மனிதரைச் சார்ந்துவிடும், அவர் ஓய்வுபெற்றால் பள்ளிக்கூடமே மூடியது போல. அவருடைய தவறான பழக்கங்களும் சேர்ந்தே பரவும். அன்றாட வேலை நெருக்கும்போது முதலில் ரத்தாவது பயிற்சிதான். முதல் இரண்டுக்கும் மருந்து, கற்றுக்கொடுப்பவரை இருவராக்குவதும், வருடம் ஒருமுறை வெளியாள் ஒருவரை வைத்துச் சோதிப்பதும். மூன்றாவதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும். ஷிப்ட் அட்டவணையிலேயே பயிற்சி நேரத்தை எழுதி, அந்த இடத்தில் மாற்று ஆள் போட்டுவிட வேண்டும்.

வேறு ஊர்க் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மூன்று நாள் சுற்றிப்பார்க்கும் பயணமாக இருந்தால் புகைப்படங்கள்தான் மிஞ்சும். இரண்டு மூன்று மாதம் ஷிப்டில் உட்கார்ந்தால் ஒப்பற்ற பயிற்சி. நடுவில் ஒன்றும் இல்லை.

எந்த நிலைமைக்கு எது

இருபது முப்பது சிக்னல், நான்கைந்து ஆட்கள் என்றால், ஒருவரைக்கூட முழுநேரப் படிப்புக்கு அனுப்பாதீர்கள். ஸ்டாப் வாட்ச் பாடம், சூமோ, இலவச ஆன்லைன் தொகுதிகள், பிரித்து வாங்கிய கம்பெனி பயிற்சி இவை போதும். பக்கத்து ஊர்களில் இதே அளவில் இருப்பவர்களோடு சேர்ந்து ஒரு பயிற்றுநரைப் பகிர்ந்துகொள்ளலாம். டெக்னீஷியன் சான்றுக்கு மட்டும் செலவு செய்யுங்கள், மின்சாரத்தோடு விளையாடுபவர்கள் அவர்கள்.

சில நூறு சிக்னல்கள், முழுநேரக் கட்டுப்பாட்டு அறை என்றால், மேலே சொன்னதோடு ஒரு பொறியாளருக்கு மேற்படிப்பு, இருவருக்குத் தொழில்முறைச் சான்று, ஒருவருக்கு வேறு அறையில் மூன்று மாதம். உள்ளே ஒரு சின்ன ஆய்வகம் வையுங்கள்: நிஜ கேபினெட் ஒன்று, நிஜ கன்ட்ரோலர் ஒன்று, சிமுலேஷனோடு இணைத்து. கன்ட்ரோலருக்கு அது கணிப்பொறி அனுப்பும் வண்டியா, ரோட்டில் வந்த வண்டியா என்று தெரியாது. அதில் எத்தனை முறை தவறு செய்தாலும் ரோட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பணம் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் இருக்கிறது என்றால், நான் இந்த ஆய்வகத்தைத்தான் வாங்குவேன்.

பொறுப்பை மொத்தமாக வெளி நிறுவனத்திடம் ஒப்படைக்கப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் செய்வது சரியா என்று பார்க்கத் தெரிந்த இருவராவது நம் பக்கம் இருக்க வேண்டும். அந்த இருவருக்குப் பல்கலைக்கழகமும் களமும் இரண்டுமே வேண்டும்.

பலித்ததா என்று எப்படித் தெரியும்? 1959-ல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகள் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, பலன் கிடைத்ததா. நாம் பெரும்பாலும் முதல் படியில், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்ற படிவத்தோடு நின்றுவிடுகிறோம். எங்கள் குழுவில் நாங்கள் வைத்துக்கொண்டது மூன்று எண்கள். டிடெக்டர் கோளாறு நேர்ந்ததிலிருந்து யாராவது கண்டுபிடிக்கும் வரை எத்தனை மணி நேரம். அதில் எத்தனை பொதுமக்கள் புகாரால் தெரியவந்தது, எத்தனை நாமே கண்டுபிடித்தது. கம்பெனிக்குப் போன் போடாமல் நாமே தீர்த்தது எத்தனை. பயிற்சிக்கு முன் மூன்று மாதம், பின் ஆறு மாதம் குறித்து வைத்தால், அடுத்த வருடப் பட்ஜெட் கேட்கும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

அந்த இரவில் சர்வரை ரீஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்ட தம்பிதான் இப்போது அங்கே புதியவர்களைப் பழக்குகிறார். வருபவர்களை முதல் இரண்டு வாரம் திரைக்கு முன்னால் உட்கார விடுவதில்லை. தினமும் ஒரு சந்திப்புக்குக் கூட்டிப்போய், நிறுத்தக் கோட்டருகே நிற்க வைத்து, கையில் வாட்சைக் கொடுத்துவிடுகிறார்.